எம்ஜிபியைப் புதுப்பிப்பதா, கொடுத்துவிடுவதா: முதல் போல்ட்டைக் கழற்றும் முன் பார்க்கவேண்டியவை

பிரித்து அட்டைப்பெட்டிகளில் அடைத்து வைத்த ஸ்போர்ட்ஸ் காரை விட, ஓடாமல் நின்றாலும் முழுதாக நிற்கும் காருக்கு எப்போதும் விலை அதிகம். பெட்டிக்குள் என்ன இருக்கிறது, என்ன தொலைந்துவிட்டது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. அந்தச் சந்தேகத்தை முழுவதும் விலையில் கழித்துக்கொள்வார். பாதியில் நின்றுபோன புதுப்பிப்பு வேலைதான் இந்தத் துறையில் அதிகப் பணத்தைத் தின்கிறது. ஆகவே வண்டியை மீட்பதா, கொடுத்துவிட்டு வேறு வண்டிக்குப் போவதா என்ற முடிவை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாத நிலையிலேயே எடுத்துவிட வேண்டும். அதற்கு ஒரு முழு நாள் சோதனையும், ஒரு மாலை நேரக் கணக்கும் போதும்.

இங்கே எடுத்துக்கொள்வது பிரிட்டனின் எம்ஜிபி. 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் ஆலையில் 5 லட்சத்துக்கும் மேல் கட்டப்பட்ட வண்டி. ஏறக்குறைய எல்லா உதிரிபாகமும் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. அந்த வசதியே ஒரு பொறியும்கூட. “எல்லாம் கிடைக்கிறதே, செய்துவிடலாம்” என்று இறங்கியவர்கள் நிறையப் பேர். பாகம் கிடைப்பது வேறு, அதைப் பொருத்தும் மணிநேரத்துக்கு ஆகும் செலவு வேறு. இந்தியாவில் அம்பாசடர் என்ஜினைத் திறந்து பார்த்தவர்களுக்கு இந்த வண்டி அந்நியமாக இருக்காது: அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் என்ஜினும் எம்ஜிபியின் 1798 சிசி என்ஜினும் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பிஎம்சி) பி-சீரீஸ் என்ற ஒரே குடும்பம்.

முதலில், கையில் இருப்பது எந்த எம்ஜிபி?

எல்லா எம்ஜிபிக்கும் ஒரே விலை இல்லை, ஆனால் வெல்டிங் செலவு எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். கணக்கின் பாதி இந்த ஒரு வரியில் இருக்கிறது.

சேசிஸ் எண்ணைப் பாருங்கள். ஜி.எச்.என். என்று தொடங்கினால் திறந்த ரோட்ஸ்டர், ஜி.எச்.டி. என்று தொடங்கினால் கூரையுள்ள ஜிடி. ‘ஜி’ எம்ஜியைக் குறிக்கிறது, ‘எச்’ என்ஜின் அளவு வகுப்பை, ‘என்’ இரண்டு இருக்கைத் திறந்த வண்டியை, ‘டி’ கூப்பேயை. பின்னால் வரும் 3, 4, 5 தலைமுறையைச் சொல்லும். எண்ணுக்கு முன் ‘எல்’ இருந்தால் இடதுகைச் ஸ்டீயரிங்கோடு பிறந்த வண்டி. வலதுகைக்கு மாற்றப்பட்டிருந்தாலும் எண் உண்மையைச் சொல்லிவிடும். அமெரிக்காவின் வறண்ட மாநிலங்களிலிருந்து திரும்பி வந்த வண்டி என்றால் அது குறையல்ல. துருப் பிடிக்காத தகட்டுக்காகவே அப்படிப்பட்ட வண்டியைத் தேடுகிறவர்கள் உண்டு.

எண் தகடும் பதிவுப் புத்தகமான வி5சியும் பொருந்துகின்றனவா என்று சரிபாருங்கள். கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் ஆலைப் பதிவேடுகளிலிருந்து ஹெரிடேஜ் சான்றிதழ் வழங்குகிறது. கட்டிய தேதி, முதல் நிறம், ஆலையிலேயே பொருத்திய கூடுதல் பாகங்கள் அதில் இருக்கும். விற்றாலும் வைத்துக்கொண்டாலும் பயன்படும் காகிதம் அது.

விலையில் மேலே நிற்பவை: இழுத்துத் திறக்கும் கதவுப்பிடி கொண்ட 1962–65 வண்டிகள், 1967–69இல் வந்த ஆறு சிலிண்டர் வகையான எம்ஜிசி, 1973–76இல் 2,591 மட்டுமே கட்டப்பட்ட ஜிடி வி8. நடுவில் நிற்பவை குரோம் பம்பர் ரோட்ஸ்டர்கள். கீழே வருபவை 1974 இலையுதிர் காலத்துக்குப் பிந்தைய கறுப்பு ரப்பர் பம்பர் வண்டிகளும் சாதாரண ஜிடிகளும். ரப்பர் பம்பரை வெட்டிக் குரோமுக்கு மாற்றினால் விலை கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ரப்பர் பம்பரோடு வண்டியின் உயரமும் கூட்டப்பட்டது, ஆகவே பம்பரோடு சஸ்பென்ஷனையும் தொட வேண்டியிருக்கும். போட்ட காசு திரும்பாது. ஆசைக்காகச் செய்வதென்றால் செய்யலாம், விலைக்காகச் செய்ய வேண்டாம்.

சில்: முடிவு இங்கேதான் இருக்கிறது

எம்ஜிபிக்குத் தனிச் சட்டம் கிடையாது. உடலே சட்டம். கதவுக்குக் கீழே முன்சக்கர வளைவிலிருந்து பின்சக்கர வளைவு வரை ஓடும் பெட்டிக்குப் பெயர் ‘சில்’. கூரை இல்லாத ரோட்ஸ்டரில் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிடித்து வைத்திருப்பவை பெரும்பாலும் இந்த இரண்டு சில்களே. வெளியே தெரியும் தகடு ஒரு அடுக்கு மட்டும். அதன் உள்ளே நடுத்தகடு, அதற்கும் உள்ளே உள் சில், அடியில் கோட்டை மதில் போலப் பல்பல்லாக வெட்டிய ‘காசில் ரெயில்’ என்று நான்கு பாகங்கள் சேர்ந்தது ஒரு சில். முன்சக்கரம் வாரி அடிக்கும் சேறும் உப்பும் முன் விங்கின் (முன்சக்கரத்தை மூடும் மட்கார்டின்) பின்பகுதியில் தங்கி, அங்கிருந்து சில்லுக்குள் இறங்குகின்றன. துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளியே ஒரு ரூபாய்க் காசு அளவுக் கொப்புளம் தெரிந்தால் உள்ளே கையளவு தகடு போயிருக்கும்.

சோதனைக்குத் தேவையானவை: பலமான டார்ச், துணி சுற்றிய சிறு காந்தம், மழுங்கிய ஸ்குரூடிரைவர், சிறு சுத்தியல், தரமான ஜாக்கி, நான்கு ஆக்சில் ஸ்டாண்டுகள், செல்பேசிக் கேமரா, நோட்டு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

வண்டி சமதளத்தில் நான்கு சக்கரத்தில் நிற்கும்போதே கதவு இடைவெளிகளைப் பாருங்கள். கதவின் பின்விளிம்பில் மேலிருந்து கீழ்வரை இடைவெளி ஒரே சீராக இருக்க வேண்டும். மேலே நெருங்கி, கீழே அகன்றிருந்தால் வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது. அடுத்து, கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, சில்லுக்கு அருகில் உள்ள ஜாக்கிப் புள்ளியில் வைத்து ஒரு பக்கத்தைத் தூக்குங்கள். திரும்பவும் கதவைத் திறந்து மூடுங்கள். இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி மாறினாலோ, கதவு இறுகினாலோ, சில்லின் பலம் போய்விட்டது. ஜாக்கிப் புள்ளியே உள்ளே நசுங்கி ஏறினால் மேற்கொண்டு தூக்காதீர்கள். விடை கிடைத்துவிட்டது.

பிறகு காந்தம். சில்லின் நீளம் முழுவதும், விங்கின் கீழ்ப்பகுதி, கதவுக்குப் பின்னால் வளையும் மூலை என்று நகர்த்திக்கொண்டே போங்கள். பிடிக்காத இடத்தில் பட்டி பூசியிருக்கிறது. ஒரிஜினல் சில், முன் விங்கின் அடியிலும் பின் விங்கின் அடியிலும் நுழைந்து மறையும். சக்கர வளைவுகளுக்கு நடுவில் மட்டும் ஒட்டிவைத்தது போலத் தகடு தெரிந்தால், அழுகிய சில்லின் மேல் போர்த்திய மூடித்தகடு அது. அதற்குள் ஈரம் தேங்கி, அழுகல் இரட்டிப்பு வேகத்தில் நடக்கும். மூடித்தகடு போட்ட வண்டியை ‘சில் மாற்றியது’ என்று விற்பது இந்தத் துறையில் மிகச் சாதாரணமாக நடக்கும் ஏமாற்று.

அடியில் படுத்து ஸ்குரூடிரைவரால் அழுத்திப் பார்க்கவேண்டிய இடங்கள் இன்னும் சில. பின் கமான்களின் முன்முனை உடலோடு சேரும் இடம்: இங்கே ஓட்டை என்றால் வண்டியைச் சாலையில் எடுக்கவே கூடாது. இருக்கைகளுக்குப் பின்னால் தரையில் தொங்கும் பேட்டரிப் பெட்டிகள்: 1974 வரை இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருந்தன, சிந்திய ஆசிட் பெட்டியைத் தின்றிருக்கும். தரைத்தகடு, குறிப்பாகப் பாதம் படும் முன்பகுதி. டிக்கியின் தரை. பெட்ரோல் டேங்கின் மேல்பக்கம்: சேறு அங்கேதான் தங்கும், கீழிருந்து பார்த்தால் டேங்க் நன்றாகவே தெரியும். முன்சக்கர வளைவுக்குள், என்ஜின் அறைச் சுவரோடு சேரும் பெட்டிப் பகுதிகள். கதவுத்தகட்டில், சின்ன முக்கோணக் கண்ணாடியின் அடியில் ஒரு வெடிப்பு இருக்கும். அது எம்ஜிபியின் பிறவிக்குறை, அதற்காகப் பயப்பட வேண்டாம்.

ஒவ்வொரு இடத்துக்கும் படம் எடுத்து இந்த மூன்று மதிப்பெண்களில் ஒன்றைப் போடுங்கள்: 0 என்றால் நல்ல தகடு, 1 என்றால் ஒட்டுப்போட்டால் போதும், 2 என்றால் பாகத்தையே மாற்ற வேண்டும். இரண்டு சில்லும் 2, கமான் பிடிமானமும் 2 என்றால், ஒட்டுப்போடும் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். அந்த நிலையில் முழுப் புதிய உடற்கூடு வாங்குவதையும் கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆக்ஸ்போர்டுஷயரின் விட்னியில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் 1988 முதல் பழைய அச்சுகளைக் கொண்டே எம்ஜிபி கூடுகளைச் செய்கிறது. விலை மலைக்க வைக்கும், ஆனால் அழுகிய கூட்டை நிமிர்த்த ஆகும் நூற்றுக்கணக்கான மணிநேரக் கூலியோடு வைத்துப் பார்த்தால் பல நேரம் அதுவே மலிவு. கூடு மாற்றினால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வேலைக்கு முன்பே வண்டிப் பதிவுத் துறையான டிவிஎல்ஏவின் நடப்பு விதியைப் படித்துவிடுங்கள். வண்டியின் அடையாளமும் பதிவெண்ணும் அதைப் பொறுத்தவை.

என்ஜினும் மற்றவையும்

என்ஜின் பழுது யாரையும் விற்கத் தூண்டக் கூடாது. பி-சீரீஸ் என்ஜின் எளிமையானது. செலவும் முன்கூட்டியே தெரிந்துவிடும். துருவின் செலவைத்தான் யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனாலும் சோதித்து எழுத வேண்டும், ஏனென்றால் இந்த எண்கள்தான் விற்கும்போதும் பேசும்.

என்ஜின் நன்றாகச் சூடான பின் ஆயில் பிரஷரைப் பாருங்கள். ஓட்டத்தில் 50 முதல் 80 பி.எஸ்.ஐ., ஐடிலில் 10 முதல் 25 என்பது ஆலை சொன்ன அளவு. குளிர்ந்த நிலையில் 60 காட்டிவிட்டுச் சூட்டில் ஓட்டத்திலேயே 30க்கு இறங்கினால் பேரிங்குகள் தேய்ந்திருக்கும். 20டபிள்யூ-50 தவிர வேறு மெல்லிய ஆயில் ஊற்றியிருந்தால், அதை மாற்றிவிட்டு மறுபடி பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்லுங்கள்.

கம்ப்ரெஷன் சோதனை: நான்கு பிளக்கையும் கழற்றி, இக்னிஷன் இணைப்பைத் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி சுழற்றுங்கள். சிலிண்டர்களுக்கிடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மீண்டும் அளந்தால், அளவு ஏறினால் ரிங் தேய்வு, ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டு மட்டும் ஒன்றாகக் குறைந்திருந்தால் அவற்றுக்கு நடுவில் ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம். எதற்கும் முன் வால்வு இடைவெளியைச் சரிசெய்யுங்கள். குளிர்ந்த நிலையில் 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ.

1964 அக்டோபர் வரை வந்த என்ஜின்களில் கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் மூன்று, பிறகு ஐந்து. மூன்று பேரிங் என்ஜின் பின்பக்கம் கொஞ்சம் ஆயில் கசியும். அதில் ரப்பர் சீல் இல்லை, திருகுப் பள்ளம்தான். அந்தக் கசிவைப் பழுதாகக் கணக்கிட வேண்டாம்.

கிளட்ச் மாற்ற என்ஜினை வெளியே எடுத்தாக வேண்டும். கிளட்ச் தேய்ந்திருந்தால் அந்த ஒரு நாள் வேலையையும் பட்டியலில் சேருங்கள். என்ஜினை எடுக்கும் அன்றே பின் சீலையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். ஓவர்டிரைவ் (வேகத்தில் என்ஜின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர்) வேலைசெய்யவில்லை என்றால் பதற வேண்டாம். பெரும்பாலும் சுவிட்ச், வயர் அல்லது சோலனாய்டில் இருக்கும். கியர்பாக்ஸைப் பிரிக்கும் முன் சோலனாய்டுக்கு 12 வோல்ட் வருகிறதா என்று மீட்டரில் பாருங்கள்.

முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சு. கிங்பின்னுக்கு 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும், அதை மறந்த வண்டிகள்தான் அதிகம். கம்பிச் சக்கரம் என்றால், வண்டியை முன்னும் பின்னும் தள்ளும்போது ‘டக்’ என்ற சத்தம் ஹப்பின் பற்கள் தேய்ந்ததைக் காட்டும். அதே சத்தம் பின் ஆக்சிலுக்கு நடுவிலிருந்தும் வரலாம். டிஃபரன்ஷியலின் வாஷர்கள் தேய்வதால் வருவது அது. சத்தம் பெரிதாகக் கேட்கும், செலவு சிறியது.

பெட்ரோல் விஷயத்தில் ஒன்று. பிரிட்டனில் 2000இலிருந்து ஈயப் பெட்ரோல் இல்லை; ஈயம் இல்லாவிட்டால் பழைய ஹெட்டின் வால்வு சீட்டுகள் தேயும். ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினப்படுத்திய சீட் போட்டிருக்கிறதா என்று ரசீதுகளில் தேடுங்கள். 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் ஈ10. அதில் உள்ள எத்தனால் பழைய ரப்பர் குழாய்களைக் கரைக்கும். எத்தனாலைத் தாங்கும் ஆர்9 தரக் குழாய்க்கு மாற்றவில்லை என்றால் அது செலவு மட்டுமல்ல, தீ அபாயமும்.

கணக்கு

இப்போது உட்கார்ந்து மூன்று எண்களை எழுதுங்கள். ஒன்று, வண்டிக்கு இன்று இருக்கும் நிலையில் கிடைக்கும் விலை. இரண்டு, வேலைக்கு ஆகும் மொத்தச் செலவு, அதன் மேல் 30 சதவீதம். மூன்று, இதே வகையில் வேலை முடிந்த நல்ல வண்டியைச் சந்தையில் வாங்க ஆகும் விலை. விளம்பரத்தில் கேட்கும் விலையை எடுக்காதீர்கள். ஏலத்தில் உண்மையில் விற்ற விலைகளை எடுங்கள்.

முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதோடு ஒப்பிட வேண்டும். கணக்கு புரிவதற்காகக் கற்பனை எண்களில் இரண்டு வண்டிகள்:

துருப்பிடித்த வண்டி. இன்றைய விலை 4,000 பவுண்டு. தகடும் பாகங்களும் 3,000, பெயிண்ட் 6,000, என்ஜினும் கியர்பாக்ஸும் 3,500, உள்ளலங்காரமும் ஹூடும் (மடக்குத் துணிக்கூரை) குரோமும் 3,000, பிரேக்கும் சஸ்பென்ஷனும் 2,000. மொத்தம் 17,500. 30 சதவீதம் சேர்த்தால் 22,750. வண்டியின் விலையோடு 26,750. நல்ல வண்டி 15,000க்குக் கிடைக்கிறது என்றால் 11,750 பவுண்டு கையைவிட்டுப் போகிறது. இதில் டிங்கரிங், வெல்டிங் எல்லாம் உங்கள் கையாலேயே செய்ததாக வைத்திருக்கிறோம். மணிக்கு 60 பவுண்டு கூலிக்குக் கொடுத்தால் 400 மணி நேரத்துக்கே இன்னும் 24,000 சேரும்.

தகடு நன்றாக இருந்து களைத்துப்போன வண்டி. இன்றைய விலை 7,500. என்ஜின் 3,500, பிரேக்கும் சஸ்பென்ஷனும் 2,000, ஹூடும் இருக்கையும் 1,500. மொத்தம் 7,000, 30 சதவீதத்தோடு 9,100. கூட்டினால் 16,600. நட்டம் 1,600 பவுண்டு. தெரிந்த வண்டி, தெரிந்த என்ஜின், தெரிந்த பிரேக் கிடைப்பதற்கு அது நியாயமான விலை.

எங்கள் தீர்ப்பு இதுதான். தகட்டு மதிப்பெண்களில் 2 என்பதே இல்லை, அல்லது ஒன்றிரண்டுதான் என்றால் புதுப்பியுங்கள். இரண்டு சில்லும் போயிருந்து, வண்டி சாதாரண ஜிடியோ ரப்பர் பம்பரோ ஆக இருந்து, வெல்டிங் உங்களுக்கு வராது என்றால், அப்படியே கொடுத்துவிட்டு நல்ல தகடுள்ள வண்டிக்குப் போங்கள். ஜிடி வி8 அல்லது 1960களின் தொடக்க ரோட்ஸ்டர் என்றால் கணக்கு சற்றுத் தளரும். அப்பா ஓட்டிய வண்டி என்றால் இந்தக் கணக்கு உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அந்த 11,750ஐ எழுதிப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள், நடுவில் கை நடுங்காது.

வெல்டிங் தெரியாதவர் பணத்தோடு இன்னொன்றையும் எழுத வேண்டும்: இடம். பிரித்த எம்ஜிபிக்கு, நிற்கும் எம்ஜிபியைப் போல மூன்று மடங்கு இடம் வேண்டும். ஒரு காருக்கான கராஜில் சில் வேலை செய்ய முடியும், முழுப் புதுப்பிப்பு செய்ய முடியாது.

கொடுப்பது என்று முடிவானால்

சாதாரண புதுக்கார் ஷோரூமில் கொடுக்க வேண்டாம். அவர்கள் அதை ஏலத்துக்கு அனுப்பப்போகும் விலையில், தங்கள் பங்கையும் கழித்துத்தான் கேட்பார்கள். கிளாசிக் கார் வியாபாரியிடம் மாற்றிக்கொள்வது இதைவிட நல்லது, குறிப்பாக அவரிடமே நல்ல எம்ஜிபி ஒன்று நின்றால். பேசும்போது இரண்டு விலைகளையும் தனித்தனியே எழுதி வாங்குங்கள்: உங்கள் வண்டிக்கு எவ்வளவு, அவர் வண்டிக்கு ரொக்கமாக எவ்வளவு. “வித்தியாசம் இவ்வளவு கொடுத்தால் போதும்” என்ற ஒற்றை எண்ணில் உங்கள் வண்டியின் உண்மை விலை மறைந்துவிடும்.

வியாபாரியின் கடையில் நிறுத்தி, விற்ற பின் கமிஷன் கொடுக்கும் முறையும் உண்டு. விலை கூடக் கிடைக்கும், நாள் ஆகும். விற்கும்வரை காப்பீடு யார் பொறுப்பு, பணம் எத்தனை நாளில் வரும் என்பதை எழுத்தில் வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். ஏலத்தில் விற்பவரிடமும் வாங்குபவரிடமும் கமிஷன் வாங்குவார்கள், வாங்குபவர் அதைக் கழித்துத்தான் கையைத் தூக்குவார். குறைந்தபட்ச விலை வைக்காமல் ஏலத்துக்கு விடாதீர்கள். துருப்பிடித்த, ஆனால் முழுமையான வண்டிக்கு நல்ல இடம் எம்ஜி கார் கிளப், எம்ஜி ஓனர்ஸ் கிளப் உறுப்பினர்கள்தான். சில்லைப் பார்த்து மிரளாதவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

விற்கும் முன் செய்யத் தக்கவை சில மட்டுமே. புது பேட்டரி, புதுப் பெட்ரோல், சுத்தமான பாயிண்டுகளும் பிளக்குகளும். குளிர்ந்த என்ஜின் வாங்குபவர் முன்னால் உடனே ஸ்டார்ட் ஆக வேண்டும். பிரேக் பிடிக்க வேண்டும். 40 ஆண்டைத் தாண்டிய, பெரிதாக மாற்றியமைக்கப்படாத வண்டிகளுக்கு 2018 மே மாதத்திலிருந்து எம்ஓடி (ஆண்டுதோறும் செய்யும் வாகனத் தகுதிச் சோதனை) கட்டாயமில்லை, ஆனாலும் ஒரு எம்ஓடி எடுத்து வையுங்கள். மூன்றாம் மனிதர் அடியில் பார்த்துக் கொடுத்த காகிதத்துக்குத் தனி மரியாதை உண்டு. புதுப் பெயிண்ட் அடிக்காதீர்கள். விற்பனைக்கு முன் அடித்த பெயிண்டைப் பார்த்தவுடன், விவரம் தெரிந்தவர் அதன் அடியில் பட்டியைத்தான் தேடுவார். உங்கள் 0, 1, 2 பட்டியலையும் படங்களையும் அப்படியே காட்டுங்கள். மறைத்தால் விலை பேசும் நேரத்தில் இரட்டிப்பாகக் கழிபடும். பிரிட்டனில் தனிமனிதர் சொந்தக் காரை விற்றுவரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை, அந்தக் கவலை வேண்டாம்.

புதுப்பிப்பது என்று முடிவானால்

வண்டி சாலையை விட்டு இறங்கும் அன்றே அது சாலையில் ஓடவில்லை என்று டிவிஎல்ஏவுக்குச் சொல்லும் சார்ன் அறிவிப்பு கொடுத்துவிடுங்கள். காப்பீட்டை வேலை நடக்கும் காலத்துக்கான பாலிசியாக, ஒப்புக்கொண்ட மதிப்பில் மாற்றுங்கள். பிறகு கழற்றுவதைத் தொடங்கலாம். ஒவ்வொரு பாகத்துக்கும் கழற்றும் முன் ஒரு படம், கழற்றிய பின் பெயர் எழுதிய பை. போல்ட்டுகள் அந்தந்தப் பாகத்தின் பையிலேயே இருக்க வேண்டும்.

தகட்டு வேலைதான் முதல் வேலை. என்ஜினை முதலில் பளபளக்கச் செய்து மூலையில் வைக்கும் ஆசை பலருக்கும் வரும். இரண்டு வருடம் கழித்துத் தகடு முடியும்போது அந்த என்ஜினின் சீல்கள் காய்ந்திருக்கும், உத்தரவாதமும் முடிந்திருக்கும்.

சில் வெட்டும் முன், வண்டியைச் சமதளத்தில் அதன் எடை சஸ்பென்ஷன் வழியாகத் தாங்கும்படி நிறுத்துங்கள். கதவு இடைவெளி சரியாக இருக்கும் நிலையில், கீல் தூணுக்கும் பூட்டுத் தூணுக்கும் நடுவே இரும்புக் குழாய் ஒன்றை வெல்டு செய்தோ போல்ட் போட்டோ இறுக்குங்கள். ரோட்ஸ்டரில் இந்தத் தாங்கு இல்லாமல் சில்லை வெட்டினால் உடல் மடங்கும், பிறகு கதவு என்றைக்கும் சரியாக மூடாது. ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கம். பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே கொண்டுபோங்கள், பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் துண்டியுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

அழுகியதை நல்ல தகடு வரும்வரை வெட்டுங்கள். மெல்லிய தகட்டோடு வெல்டு பிடிக்காது, ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும். மிக் வெல்டருக்கு 0.6 மி.மீ. கம்பி போதும். ஆலையில் ஸ்பாட் வெல்டு போட்ட விளிம்புகளில் 5 அல்லது 6 மி.மீ. துளைகளை 25 முதல் 30 மி.மீ. இடைவெளியில் போட்டு, வெல்டால் அடையுங்கள். சேரும் இரு முகங்களிலும் முன்பே துத்தநாகப் பிரைமர் பூசியிருக்க வேண்டும். பொருத்தும் வரிசை: உள் சில், காசில் ரெயில், நடுத்தகடு, கடைசியாக வெளிச் சில். வெளிச் சில்லை முழு வெல்டு செய்யும் முன் புள்ளி மட்டும் வைத்து, கதவையும் முன் விங்கையும் மாட்டி இடைவெளி பாருங்கள். முன் விங் போல்ட்டில் நிற்பது, கழற்றி மாட்ட முடியும். பின் விங் வெல்டில் நிற்பது, அதன் அடிப்பகுதியை வெட்டித்தான் சில்லின் முனையைப் பிடிக்க முடியும். ஒரே இடத்தில் நீளமாக வெல்டு இழுத்தால் தகடு நெளியும். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று மாறி மாறி வையுங்கள்.

பழைய மூட்டுகளில் ஆலையிலேயே ஈயம் நிரப்பியிருக்கும். அவற்றை உலர்தேய்ப்புச் செய்யாதீர்கள், சரியான முகக்கவசம் இல்லாமல் தொடவே வேண்டாம். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்துச் சுத்தம் செய்யக் கூடாது, ஈரத்துணியால் துடையுங்கள்.

பெயிண்டுக்குப் பிறகு, உள்ளலங்காரம் ஏறும் முன், சில்லுக்குள் நீளக் குழாய் விட்டு, துருவைத் தடுக்கும் குழிவு மெழுகைப் பீய்ச்சுங்கள். அடியில் உள்ள வடிதுளைகளிலிருந்து மெழுகு சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் உள்ளே சேரவில்லை. வடிதுளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள், இல்லையென்றால் புதுச் சில்லும் பத்து ஆண்டில் பழைய வழிக்கே போகும்.

பிரேக் ரப்பர்களும் குழாய்களும் எப்படி இருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றுங்கள். என்ஜினைப் புதிதாகக் கட்டியிருந்தால், ஸ்டார்ட் செய்யும் முன் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, மீட்டரில் ஆயில் பிரஷர் காட்டும்வரை ஸ்டார்ட்டரால் சுழற்றுங்கள். முதல் 500 மைலில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, குளிர்ந்த என்ஜினில் ஹெட் நட்டுகளை 45 முதல் 50 பவுண்டு-அடிக்கு மறுபடி இறுக்கி, அதன் பிறகு வால்வு இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு வையுங்கள். அன்றைக்கே கிரீஸ் கன்னை எடுத்து இரண்டு கிங்பின்னுக்கும் அடித்துவிட்டு, மைல் கணக்கை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தது அங்கிருந்து 3,000 மைலில்.